மண்ணடி ட்ரெடில் பிரஸ்ல பாட்டு புக்கு அடிச்சோம், கூடவே எம், பைக்கா கணக்கும் தெரிஞ்சுக்கிட்டேன்

மண்ணடி பக்கம் சின்ன புக்கு, நோட்டீஸ், பில் புக், கல்யாணப் பத்திரிகை அடிக்க நல்ல பிரஸ் தேடறவங்களுக்காக இதை எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க. மண்ணடி மெட்ரோல இறங்கி பவளக்காரத் தெரு பக்கமா நடந்தா ஒரு சந்து உள்ள போகும், பைக்கே ஒதுங்கி ஒதுங்கித்தான் போகணும், அதுல ஒரு பழைய வீட்டு மாடிப்படிக்குக் கீழ இருக்கு. பேரை நெட்ல போட வேணாம்மான்னு பிரஸ் நடத்தற ஐயா சொல்லிட்டாரு, வர்ற வேலைய முடிச்சுக் குடுக்கவே ஆள் பத்தலையாம், அதனால பேர் போடல. ஆனா அந்தத் தெருவுல பேப்பர் கடை வச்சிருக்கறவங்க யாரைக் கேட்டாலும், இன்னும் ட்ரெடில் ஓட்டறாங்களே அந்த பிரஸ் எங்கன்னா கை காட்டிடுவாங்க. ட்ரெடில்னா ஈய எழுத்தை அடுக்கி, தாளை ஒவ்வொண்ணா வச்சு அழுத்தி அடிக்கற பழைய அச்சு மிஷின்.

எங்க வேலை என்னன்னா எங்க அம்மா போற பஜனை குரூப்புக்கு ஒரு பாட்டு புக்கு. பழைய வண்ணாரப்பேட்டைல வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கூடுவாங்க, அறுபதுக்குக் கீழ யாருமே கிடையாது, பாதிப் பேருக்கு கண்ணு ஆபரேஷன் ஆயிருக்கு. இத்தன வருஷமா ஜெராக்ஸ் தாள்தான், அதுவும் ஜெராக்ஸ எடுத்து ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் கருப்புப் பொட்டு மாதிரி ஆயிடுச்சு. சரி புக்காவே போட்டுடலாம்னு முதல்ல எங்க ஏரியால ஒரு டிடிபி கடைல குடுத்தோம். 14 பாயிண்ட்ல போடுங்கன்னு தெளிவா சொன்னோம், அவங்களும் கம்ப்யூட்டர்ல 14ன்னு காட்டுனாங்க, ஆனா பிரிண்ட் கைக்கு வந்தா எழுத்து பொடிப்பொடியா இருக்கு, வரிக்கு வரி இடமே இல்ல, மேல் வரியோட "ழு"வோட வாலும் கீழ் வரியோட "கீ"யோட கொக்கியும் போய் ஒட்டிக்கிது. அம்மா அதை மூஞ்சிகிட்ட கொண்டுபோய் பார்த்துட்டு கீழ வச்சிட்டாங்க. கேட்டா, நீங்க சொன்ன 14தானே போட்டோம்னு ஒரே பதில். அவங்க சொன்னதுல பொய் கிடையாது, அதுதான் எனக்கு ரொம்ப நாளா மண்டைல ஓடிட்டே இருந்துச்சு, 14ன்னு போட்டும் எப்படி சின்னதா வரும்?

இந்த பிரஸ்ல ஐயா எத்தன காப்பின்னு கூட முதல்ல கேக்கல. "யாரும்மா படிக்கப் போறாங்க, மடில வச்சிப் படிப்பாங்களா கையில தூக்கி வச்சா, ட்யூப் லைட் வெளிச்சமா"ன்னு கேட்டாரு. நான் சொன்னதும் ஜெராக்ஸ் தாளை வாங்கி ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அது மேல வச்சாரு. அந்த ஸ்கேலைப் பத்தி சொல்லியே ஆகணும். ஒரு அடி நீளம், கை பட்டுப் பட்டு நடுவுல பளபளன்னு தேஞ்சு போயிருக்கு, ஒரு விளிம்புல இன்ச்சு, எதிர் விளிம்புல ஸ்கூல்ல நாம பார்த்த சென்டிமீட்டர் கிடையாது, 1ல ஆரம்பிச்சு 72 வரைக்கும் வேற ஒரு கோடு. அதுதான் பைக்கா. இவங்க பேச்சுல எம். "அகலம் 24 எம் வச்சிக்கலாம், ஒசரம் 40, எழுத்து 16, வரிக்கு 24 குடுத்துடலாம்"னு தாளைப் பார்த்துக்கிட்டே சொல்லிட்டாரு, கால்குலேட்டர் எதுவும் தொடல.

எனக்கு ஒண்ணும் புரியல, அவரே உக்கார வச்சு சொன்னாரு, அதை அப்படியே இங்க போடறேன், ஏன்னா பிரிண்ட் குடுக்கப் போற எல்லாருக்கும் உதவும். ஒரு இன்ச்சுக்கு 6 பைக்கா. ஒரு பைக்காவுக்கு 12 பாயிண்ட். அப்போ ஒரு இன்ச்சுக்கு 72 பாயிண்ட். ஒரு பைக்கான்னா 4.2 மில்லிமீட்டர் சுமாரா. 24 எம் அகலம்னா சரியா 4 இன்ச்சு, எங்க புக்கு டெம்மி 1/8, அதாவது ஐந்தரை இன்ச்சு அகலம், எட்டரை இன்ச்சு ஒசரம், அப்போ ரெண்டு பக்கமும் முக்கால் முக்கால் இன்ச்சு மார்ஜின், கட்டை விரல் வச்சிப் புடிச்சாலும் எழுத்து மறையாது. ஒசரம் 40 எம்ன்னா 480 பாயிண்ட், வரிக்கு 24 பாயிண்ட் குடுத்தா பக்கத்துக்கு சரியா 20 வரி. எங்க பாட்டு முக்கால்வாசி நாலு வரிப் பாட்டு. நாலு பாட்டு போட்டா 16 வரி, நடுவுல மூணு வரி காலி இடம், 19 ஆச்சு, மிச்சம் இருக்கற ஒரு வரில பக்க நம்பர். எந்தப் பாட்டும் பாதில ஒடஞ்சு அடுத்த பக்கம் போகாது. பாடிக்கிட்டு இருக்கறப்போ பக்கம் திருப்ப வேணாம். இதை அவர் மனசுலயே போட்டு முடிச்ச வேகத்தைப் பார்த்து எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா அந்தக் கணக்குல எங்க அம்மா மாதிரி ஆளுங்களோட கண்ணும் கையும் இருந்துச்சு.

12ன்ற நம்பர்ல தான் விஷயமே இருக்கு. 12ஐ ரெண்டா, மூணா, நாலா, ஆறா பிரிக்கலாம், எதுலயும் மிச்சம் வராது. அச்சுக் கோக்கறவருக்கு கையில இருக்கறது ஈயத் துண்டுங்க, இத ஒடச்சு கால் மில்லி அரை மில்லின்னு செய்ய முடியாது, இருக்கற துண்டை அடுக்கித்தான் வரிய நிரப்பணும், அப்போ முழு நம்பர்ல பிரியற அளவு வேணும். கல்யாணப் பத்திரிகைல மாப்பிள்ளை வீடு ஒரு பக்கம் பொண்ணு வீடு ஒரு பக்கம்னு ரெண்டு பத்தியா போடறதும் இதே கணக்குதான், 24ல நடுவுல ஒரு எம் விட்டுட்டு பதினொன்றரை பதினொன்றரை.

எம்ன்ற பேரு இங்கிலீஷ் "எம்" எழுத்துலேர்ந்து வந்தது. பெரிய எழுத்து எம் அந்தக் கால ஈய அச்சுல கிட்டத்தட்ட சதுரமா இருக்கும், அகலம் ஒசரம் ரெண்டும் ஒண்ணு, அதனால எந்த சைஸ் எழுத்தா இருந்தாலும் அந்த சைஸோட சதுரத்துக்கு ஒரு எம்ன்னு பேரு. அப்போ 8 பாயிண்ட்டுக்கு ஒரு எம் 8 பாயிண்ட், 18க்கு 18. ஆனா பக்க அளவு சொல்றப்போ எல்லாரும் ஒரே பாஷை பேசணுமில்ல, அதனால 12 பாயிண்ட் எம்மை, அதாவது பைக்கா எம்மை பொதுவா வச்சிக்கிட்டாங்க. நம்ம பிரஸ்காரங்க பைக்காவ விட்டுட்டு வெறும் எம்ன்னு சொல்றது இதைத்தான். தமிழ்ல இது ரொம்ப தேவையான விஷயம், ஏன்னா நம்ம எழுத்துங்க ஒண்ணு மாதிரி ஒண்ணு கிடையாது, "ர" ஒல்லி, "ஞ" குண்டு, "ணை" அதை விட அகலம், எழுத்தை எண்ணி அகலம் சொல்லவே முடியாது. எம்ல சொன்னா எந்த எழுத்து வந்தாலும் அகலம் மாறாது.

பைக்கான்ற பேர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஐயாவுக்கு அவரோட குரு சொன்னது "அது இங்கிலீஷ்காரன் சாமி புக்கு பேரும்மா"ன்னு மட்டும்தான். வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன், அது நிஜம்தான், கதையும் நல்லா இருக்கு. இங்கிலாந்துல சர்ச்சுல எந்தத் தேதிக்கு எந்தப் பண்டிகை வருது, அன்னிக்கு எந்த ஜெபம் படிக்கணும்னு விதி சொல்ற ஒரு கைடு இருந்துச்சு, நம்ம பஞ்சாங்கம் மாதிரின்னு வச்சிக்கங்க. அதுக்கு லத்தீன்ல பைக்கா, இங்கிலீஷ்ல பை. லத்தீன்ல பைக்கான்னா மேக்பைன்ற கருப்பு வெள்ளைப் பறவை, வெள்ளைத் தாள்ல கருப்பா நெருக்கமா எழுதியிருந்ததால அந்தப் பேர்னு சொல்றாங்க. இங்கிலாந்துக்கு அச்சு மிஷினைக் கொண்டு வந்த வில்லியம் காக்ஸ்டன் 1477 வாக்குல ஒரு சின்ன நோட்டீஸ் அடிச்சாரு, சாலிஸ்பரி முறைப்படி இருக்கற பை என்கிட்ட கிடைக்கும், இதோ இந்த நோட்டீஸ்ல இருக்கற எழுத்துலயே அடிச்சது, விலையும் சல்லிசுன்னு. இங்கிலீஷ்ல அச்சுல வந்த விளம்பரத்துல இன்னிக்கு நம்ம கைல மிஞ்சியிருக்கறதுல அதான் பழசு. யோசிச்சுப் பாருங்க, முதல் விளம்பரமே இந்த எழுத்துதான் அந்த எழுத்துன்னு சாம்பிள் காட்டற விளம்பரம்!

அந்த பை புக்கு படிக்கிறவங்களை ரொம்ப படுத்தியிருக்கு போல. 1549ல இங்கிலாந்து சர்ச்சுக்கு புது ஜெப புக்கு வந்தப்போ அதோட முன்னுரைலயே பை விதிங்களைப் போட்டு சாத்தியிருக்காங்க, எதைப் படிக்கணும்னு கண்டுபிடிக்கற வேலையே கண்டுபிடிச்ச பிறகு படிக்கற வேலைய விட ஜாஸ்தின்னு. இதைப் படிச்சதும் எனக்கு எங்க ஜெராக்ஸ் கட்டுதான் ஞாபகம் வந்துச்சு, எந்தப் பாட்டு எந்தத் தாள்லன்னு தேடறதுக்குள்ள ஆர்மோனியம் அடுத்த பாட்டுக்குப் போயிடும்.

அந்தக் காலத்துல எழுத்து சைஸுக்கு நம்பர் கிடையாது, பேருதான். அந்தப் பேர்ல நெறய எந்த புக்குக்கு அந்த எழுத்தைப் போட்டாங்களோ அதுலேர்ந்து வந்தது. பிரிவியரின்ற ஜெப புக்குலேர்ந்து பிரீவியர், அது இப்போதைய 8 பாயிண்ட் கிட்ட. பிரைமர்ன்ற இன்னொரு ஜெப புக்குலேர்ந்து லாங் பிரைமர், 10 கிட்ட. பை விதிகளுக்குப் போட்ட எழுத்து பைக்கா, 12. பெரும்பாலும் இப்படித்தான் விளக்கம் சொல்றாங்க. ஐரோப்பால வேற பேர், அங்க ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம் இதே இடத்துல இருக்கற அளவுக்கு சிசரோன்னு பேரு, பழைய ரோம் அறிஞர் சிசரோ எழுதின புக்கை 1460கள்ல இத்தாலில அச்சுல போட்ட அந்த சைஸ்லேர்ந்து வந்ததுன்னு சொல்றாங்க. சிசரோ கொஞ்சம் பெருசு, நாலரை மில்லி. இந்த பிரஸ்ல ஒரு மர ட்ராயர்ல "கிரேட் பிரைமர்"ன்னு வெள்ளை பெயிண்ட்ல எழுதி, கீழ சாக்பீஸ்ல 18ன்னு போட்டிருக்கு. பழைய பேரும் புது நம்பரும் ஒரே ட்ராயர் மேல, நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.

நம்பர் வந்ததுக்குக் காரணம் குழப்பம்தான். பேர் ஒண்ணா இருந்தாலும் ஒவ்வொரு வார்ப்பு பட்டறையோட பைக்காவும் ஒவ்வொரு அளவு, ஒருத்தன் எழுத்து பக்கத்துல இன்னொருத்தன் எழுத்தை வச்சா வரி நிக்காது, ஆடும். பிரான்ஸ்ல அச்சு எழுத்து செஞ்ச ஃபூர்னியேன்றவரு 1737லயே பாயிண்ட்டுன்னு ஒரு கணக்கு போட்டாரு, அப்புறம் 1780கள்ல அதே தொழில்ல இருந்த திதோ அதை பிரான்ஸ் ராஜா காலத்து இன்ச்சோட 72ல ஒரு பங்குன்னு மாத்தினாரு. அமெரிக்கால அது நடக்க ஒரு தீ விபத்து வேண்டியிருந்துச்சு, 1871 சிகாகோ பெரிய தீயில ஒரு எழுத்து வார்ப்பு கம்பெனியே எரிஞ்சு போச்சு, எல்லா அச்சையும் புதுசா செய்ய வேண்டிய நிலைமை, அப்போ ஒழுங்கான கணக்குல செஞ்சிடலாம்னு ஆரம்பிச்சாங்க, 1886ல அங்க இருந்த வார்ப்பு பட்டறைங்க எல்லாம் சேர்ந்து ஒரே பாயிண்ட்டுன்னு ஒத்துக்கிட்டாங்க. இங்கிலாந்து 1898ல ஒத்துக்கிச்சு. நமக்கு மிஷினும் எழுத்தும் இங்கிலாந்து வழியா வந்ததால அதே பைக்கா இங்கயும் நின்னுடுச்சு.

இப்போ அந்த ஸ்டீல் ஸ்கேலுக்கு வரேன், இதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச இடம். ஐயா அதை என் கைல குடுத்து கடைசில பாருன்னாரு. 6 பைக்கா ஒரு இன்ச்சுன்னா 72 பைக்கா சரியா 12 இன்ச்சு கோட்டுல முடியணும் இல்ல? முடியல. 72ன்ற கோடு 12 இன்ச்சு கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாடியே நின்னுடுது. ஸ்கேல் தப்பு கிடையாது. 1886ல ஒத்துக்கிட்ட பைக்கா ஒரு இன்ச்சுல ஆறுல ஒரு பங்குன்னு வைக்கல, ஏற்கனவே நெறய பேர் கையில இருந்த ஒரு பிலடெல்பியா பட்டறையோட பைக்காவ எடுத்துக்கிட்டு, 83 பைக்கா 35 சென்டிமீட்டர்னு கட்டினாங்க. அதனால அது 0.166 இன்ச்சு. புதுசா அச்சு செஞ்சா செலவு யாரு ஏத்துக்கறது, இருக்கற எழுத்தை எல்லாரும் உருக்கணுமே, அதான் இருக்கறதுக்கு ஏத்த மாதிரி கணக்கு போட்டாங்க. அப்புறம் 1980கள்ல கம்ப்யூட்டர் வந்தப்போ போஸ்ட்ஸ்கிரிப்ட்ன்ற, பக்கத்தை பிரிண்டருக்கு சொல்ற கம்ப்யூட்டர் பாஷைய செஞ்சவங்க 72 பாயிண்ட் சரியா ஒரு இன்ச்சுன்னு ஆக்கிட்டாங்க, உருக்கறதுக்கு எதுவும் இல்லையே. இன்னிக்கு நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கறது இந்தப் புது பாயிண்ட்.

ஒரு மில்லிக்கு இவ்ளோ பேச்சான்னு தோணும், ஆனா இந்த பிரஸ்ல அது வேலைல வருது. இங்க உள் பக்கம் ஆஃப்செட், கம்ப்யூட்டர் கணக்கு. அட்டை ட்ரெடில்ல ஈய எழுத்து, பழைய கணக்கு. அட்டைல ஒரு கட்டம் போட்டு அதுக்குள்ள தலைப்பு, அந்தக் கட்டத்தோட அகலம் உள்ள இருக்கற முதல் பக்கக் கட்டத்தோட அகலத்துக்கு ஒத்து வரணும்னு அவர் கம்ப்யூட்டர்ல இருக்கற கட்டத்தை ஒரு இம்மி சுருக்கச் சொன்னாரு அவரு பையன்கிட்ட. பையன் மூணாவது தலைமுறை, பேஜ் போடறது எல்லாம் அவர்தான், நான் அண்ணான்னுதான் கூப்பிடறேன். "அப்பா சொன்னா சொன்னதுதான், நான் சுருக்கிடறேன்"னு சிரிச்சுக்கிட்டே சுருக்கினாரு. அட்டையத் திறந்தா ரெண்டு கட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே உக்காருது, நானே ஸ்கேல் வச்சுப் பார்த்தேன்.

இனிமே அந்த 14 பாயிண்ட் கதை. பாயிண்ட்டுன்றது எழுத்தோட ஒசரம்னு நெனச்சிட்டிருக்கோம், அப்படி இல்லயாம். ஈயத் துண்டோட உடம்புதான் பாயிண்ட், அவங்க பாஷைல பாடி. அந்த உடம்புக்கு மேல முகம் எவ்ளோ பெருசா வெட்டியிருக்குன்றது எழுத்தை செஞ்சவரு இஷ்டம். ஐயா ரெண்டு துண்டை எடுத்து என் உள்ளங்கைல நிக்க வச்சாரு, ரெண்டும் 12 பாயிண்ட், பக்கத்துல பக்கத்துல ஒட்டி வச்சா உடம்பு ஒரே அளவு, விரல் வச்சா மேடு பள்ளம் தட்டல, ஆனா ஒண்ணுல "க" நல்லா தாராளமா உக்காந்திருக்கு, இன்னொண்ணுல அதே "க" சுத்தி இடம் விட்டு சின்னதா இருக்கு. கம்ப்யூட்டர் ஃபான்ட்லயும் இதே கதைதான், தமிழ் ஃபான்ட் நெறயத்துல மேல கொக்கிக்கும் கீழ வாலுக்கும் இடம் வேணும்னு நடு எழுத்தைச் சுருக்கி வச்சிருப்பாங்க, அதனால 14ன்னு நம்பர் சொல்லி குடுத்தா ஃபான்ட்டைப் பொறுத்து பொடிசாவும் வரும் பெருசாவும் வரும். இந்த பிரஸ்ல நம்பரை நம்பாம ஃபான்ட்டைப் போட்டுப் பார்த்து "க"வோட ஒசரத்தை ஸ்கேல்ல அளந்துதான் 16ன்னு முடிவு பண்ணாங்க.

அடுத்து இவங்க புரூப். வாட்ஸப்ல அனுப்புங்கன்னு கேட்டேன், ஐயா ஒத்துக்கவே இல்ல. போன்ல ரெண்டு விரல் வச்சு இழுத்தா 8 பாயிண்ட்டும் 20 பாயிண்ட் ஆயிடும், அதுல பார்த்து சரின்னு சொல்றது சரியே கிடையாது, வந்து தாள்ல பாரும்மான்னாரு. எனக்கு வண்ணாரப்பேட்டைலேர்ந்து வர்றது ஒண்ணும் பெரிய தூரம் இல்ல, ஆனா தாம்பரத்துலேர்ந்து வர்றவங்களுக்கு இது கஷ்டம்தான். இருந்தாலும் நான் அவரு பக்கம். தாள் புரூப்பை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அம்மா மடில வச்சு, அவங்க கண்ணாடியோட, சாமி ரூம் வெளிச்சத்துல படிக்கச் சொன்னேன், கடகடன்னு படிச்சாங்க. ரெண்டு எழுத்துப் பிழையும் அவங்களே கண்டுபிடிச்சுக் குடுத்தாங்க.

பிரஸ் உள்ள எப்படி இருக்கும்னு கொஞ்சம். முன்னாடி கம்ப்யூட்டர், நடுவுல மினி ஆஃப்செட், கடைசில ஜன்னல் பக்கம் ட்ரெடில். ட்ரெடில்ல இப்போ முக்காவாசி பில் புக்குக்கு நம்பர் அடிக்கறது, கிழிக்கறதுக்கு ஓட்டை ஓட்டையா கோடு போடறது, அட்டை மடிக்க வரி போடறதுதான் ஓடுது. சுவரோரம் டைப் கேஸ் அடுக்கு, அதுல இப்போ உபயோகத்துல இருக்கறது ஒரு மூணு நாலு கேஸ்தான். ஒரு மூலைல போஸ்டருக்கான மர எழுத்துங்க, அதோட சைஸைச் சொல்றதும் பைக்காலதான், 10 லைன்னா 10 பைக்கா ஒசரம், நாலு சென்டிமீட்டருக்கு கொஞ்சம் மேல இருக்கும். ஒரு கேஸ்ல இன்னும் பழைய "லை" இருக்கு, ஆனைக்கொம்பு போட்டது. 1978ல எம்ஜிஆர் ஆட்சில பெரியாரோட எழுத்துச் சீர்திருத்தத்தை அரசாங்கம் ஏத்துக்கிச்சு இல்ல, அதுக்கப்புறம் அந்த எழுத்துக்கு வேலை போச்சு, கேஸ்ல கொம்பு வச்ச எழுத்துக்குன்னு ஒதுக்கின குழி எல்லாம் காலியாச்சுன்னாரு. எடுத்துப் பார்த்தேன், ரொம்ப கனம். எல்லாத் துண்டும் ஒரே ஒசரம், 0.918 இன்ச்சு, எந்த சைஸ் எழுத்தா இருந்தாலும் நிக்கற ஒசரம் மாறாது, அது மாறினா மை ஒரு எழுத்துல படும் பக்கத்து எழுத்துல படாது.

இந்த ஏரியால இது இருக்கறது எனக்கு ரொம்ப பெருமையா இருக்கு, ஏன்னா தமிழ் அச்சோட கதைல பாதி நம்ம பக்கத்துலதான் நடந்திருக்கு. 1761ல பாண்டிச்சேரிய இங்கிலீஷ்காரங்க புடிச்சப்போ அங்கேர்ந்து எடுத்துட்டு வந்த அச்சு மிஷின் வேப்பேரிலதான் வந்து நின்னுச்சு, ஃபப்ரீசியுஸ் ஐயர்ன்ற ஜெர்மன் பாதிரியார் தமிழ் அகராதிய 1779ல அதுலேர்ந்துதான் கொண்டு வந்தாரு. நம்ம ஆளுங்க சொந்தமா பிரஸ் வைக்க சட்டம் வழி விட்டது 1835ல, அதுக்கப்புறம் தங்கசாலை, ஏழுகிணறுன்னு சந்துக்கு சந்து அச்சுக்கூடம். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்துலேர்ந்து வந்து அச்சுக்கூடம் வச்சது தங்கசாலைத் தெருவுல. வள்ளலார் இருந்த வீடு ஏழுகிணறு வீராசாமித் தெருவுல, அவரு திருவருட்பா 1867ல இந்த சென்னைலதான் அச்சுல வந்துச்சு. எங்க பாட்டு புக்குலயும் அருட்பா பாட்டுதான் முதல் எட்டுப் பக்கம், அதை இந்தத் தெருங்களுக்கு நடுவுலயே அடிச்சதுல அம்மாவுக்கு எவ்ளோ நிம்மதின்னு சொல்லி முடியாது.

இதுக்கெல்லாம் முன்னாடி தரங்கம்பாடில இருந்த பாதிரியார் சீகன்பால்குக்கு ஜெர்மனி ஹாலே ஊர்லேர்ந்து 1713ல தமிழ் எழுத்து செஞ்சு அனுப்பினாங்க, எழுத்து ரொம்ப பெருசு, அதைப் போட்டு புக்கு அடிச்சா தாள் எக்கச்சக்கமா செலவாகும், தாளும் கிடைக்கறது கஷ்டம், அதனால இங்கயே சின்னதா வார்த்து 1715ல புதிய ஏற்பாடு முடிச்சாங்க. எழுத்து எவ்ளோ பெருசுன்றது அன்னிலேர்ந்தே காசு விஷயம். எங்களுக்கும் அப்படித்தான், 16 பாயிண்ட் போட்டதால 24 பக்கத்துல முடிய வேண்டியது 32 பக்கம் ஆச்சு. ஆனா 32ன்னா சரியா ரெண்டு பாரம், பாரம்னா ஒரு பெரிய தாள்ல ரெண்டு பக்கமும் அடிச்சு மடிக்கறது, ஒரு பாரத்துக்கு 16 பக்கம், தாள் வீணாகல, 24 வச்சிருந்தா ஒன்றரை பாரம், அதுல மிச்சம் புடிக்கறது பெருசா ஒண்ணும் இல்லம்மான்னு அண்ணா கணக்கு போட்டுக் காட்டினாரு.

சரி காசு, நேரம். 300 காப்பி, உள்ள 70 ஜிஎஸ்எம் (தாளோட கனம்) மேப்லித்தோ தாள், அட்டை 250 ஜிஎஸ்எம், நடுப்பின், எல்லாம் சேர்த்து புக்கு ஒண்ணு 30 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. பாதி அட்வான்ஸ், ஜிபே வாங்கிக்கறாங்க. டிடிபி கடைல கேட்டதை விட கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா அதுல புரூப், திருத்தம் எல்லாம் அடக்கம். பிரிண்ட் கருப்பு நல்லா கருப்பா இருக்கு, பக்கத்துக்குப் பக்கம் மை ஒரே மாதிரி, எதிர் பக்கத்து எழுத்து இங்க தெரியல. வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்தா முன் பக்க வரியும் பின் பக்க வரியும் ஒண்ணு மேல ஒண்ணு நேரா நிக்குது, ரொம்ப புக்குல இதை நான் பார்த்ததில்ல. அட்டை தலைப்பைத் தடவிப் பார்த்தா லேசா பள்ளம் தெரியுது, ஈய எழுத்து அழுத்தின பள்ளம், குரூப்புல எல்லாரும் அதைத்தான் தடவிட்டே இருந்தாங்க.

குறை இல்லாம இல்ல. சொன்ன தேதிக்கு வராது, ஒரு வாரம் சேர்த்தே வச்சிக்கங்க, அதுவும் தை, சித்திரை, ஆவணி மாதிரி முகூர்த்த மாசம்னா பத்திரிகை வேலைல இவங்க தலை தூக்கறதே இல்ல. கலர் போட்டோ போட்ட புக்குன்னா இங்க வராதீங்க, அவரே வேற இடம் சொல்லி அனுப்பிடறாரு. டெலிவரி கிடையாது, நீங்களே தூக்கிட்டு வரணும், வண்டி நிறுத்த இடமே இல்ல, மெட்ரோல போயிட்டு ஆட்டோல திரும்பறதுதான் வழி. மழை நாள்ல அந்த சந்துல தண்ணி நிக்கும். ஞாயிறு லீவு. போன் பண்ணா எடுக்க மாட்டாங்க, மிஷின் சத்தத்துல கேக்காது, நேர்ல போங்க. என் மார்க்கு அஞ்சுக்கு நாலரை, அந்த அரை தேதி தவறினதுக்கு.

போறவங்க ஒண்ணு பண்ணுங்க. எத்தன பாயிண்ட் வேணும்னு நம்பர் யோசிச்சுட்டுப் போகாதீங்க, உங்க வீட்டுப் பெரியவங்க கஷ்டப்படாம படிக்கற ஏதாவது ஒரு பழைய புக்கோ காலண்டர் தாளோ கையோட எடுத்துட்டுப் போங்க. ஐயா அது மேல ஸ்கேல் வச்சு அகலம் எத்தன எம், எழுத்து எவ்ளோ, வரி இடம் எவ்ளோன்னு அங்கயே பென்சில்ல குறிச்சுக் குடுப்பாரு, அதுக்குத் தனியா காசு வாங்கறதில்ல. காலைல 11 மணிக்கு மேல போனா ட்ரெடில் ஓடிட்டிருக்கும், மத்தியானம் ரெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் சாப்பாட்டுக்கு கதவை சாத்திடுவாங்க.